லோடுக் கணக்கு

எவ்வளவு ஆழம் என்று கேட்கிறார்கள்,
மிதவைச் சட்டையின் வாரை மாட்டும்போதே.
ஒவ்வொரு சனிக்கிழமையும் யாராவது ஒருவர்.
அடிக்கணக்கு எனக்குத் தெரியாது.
எண்பத்திரண்டாயிரம் லோடு, என்கிறேன்.
சிரிக்கிறார்கள்.

சிரிக்க ஒன்றுமில்லை. சீட்டுக் கிழித்தது நான்.
பதினோரு வருஷம், தகரக் கொட்டகையில்,
லாரிக்கு ஒன்று, மஞ்சள் சீட்டு.
கல் ஆனேக்கல் தாண்டிப் போய்
பெங்களூரில் மாடி மாடியாக நின்றது.
குழி எங்களிடம் நின்றது.
கோர்ட்டு குவாரியை மூடிய ஆடியில்
மழை உள்ளே இறங்கியது.
ஏறிப்போகப் பாதை தெரியவில்லை போல.

ஹுலிகல்பாளையாவில் அப்போது
நாற்பத்து மூன்று வீடு, கூரையில்லாமல்.
திட்டத்தின் மூன்றாம் தவணை எந்த மேசையிலோ படுத்திருந்தது.
ஜன்னல் மட்டத்தில் நின்றுபோன சுவர்களுக்குள்
ஆமணக்கு எங்களுக்கு முன்னால் குடியேறியது.
பஸ் நாலு நடை, பிறகு இரண்டு,
பிறகு கண்டக்டர் ஊர்ப்பெயரைக் கூப்பிடுவதையே விட்டார்.

கார் மேல் படகு கட்டிக்கொண்டு வந்தான் அன்வேஷ்.
இந்தத் தண்ணீர் யாருடையது என்றான்.
பஞ்சாயத்து தன்னுடையது என்றது.
கனிமத் துறை தன்னுடையது என்றது.
செல்வராணி சங்கக் கூட்டத்தில் எழுந்து
"குழி எங்களது.
தண்ணீர் அதில் வாடகைக்கு இருக்கிறது" என்றாள்.

ஏழு மாதம் பேச்சு.
நாற்பது சதம் கேட்டவன் பதினெட்டில் கையெழுத்திட்டான்.
நடுவில் முந்நூற்றுப் பத்து டீ;
பால் தனி, தூள் தனி, நோட்டில் இருக்கிறது.
படகுக் குத்தகையைக் காட்டி வங்கியில் கடன்.
கடனில் கூரை.
வீட்டுக்கு ஓர் அறை விருந்தாளிக்கு என்று விதி.

என் வீட்டில் அந்த ஓர் அறைதான் வீடு.
சனி ராத்திரி நாங்கள் மொட்டை மாடியில்,
தண்ணீர்த் தொட்டியின் அந்தப் பக்கம்.
கல்தூள் இருமல் அவருக்கு. பத்து மணிக்கு மேல்
கம்பளியை வாயில் வைத்து இருமுவார்.
ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் இல்லை,
அவராகச் சேர்த்துக்கொண்ட ஷரத்து.

பஸ் இப்போது ஐந்து நடை.
பள்ளிக்கூடத்தில் கணக்குக்குத் தனி வாத்தியார்.
ராகிக் களியைப் படமெடுத்துவிட்டு
நூடுல்ஸ் கிடைக்குமா என்கிறவர்களுக்காக
அதுவும் வாங்கி வைத்திருக்கிறோம்.
குறை சொல்லவில்லை. லாபம் அதில்தான்.

போன மாதம் ஒருத்தர் போனில் எழுதியிருந்தார்.
மகள் உரக்கப் படித்தாள்:
நான்கு நட்சத்திரம். சுத்தமான அறை. நல்ல மனிதர்கள்.
மாடியில் கட்டியிருக்கும் நாய்தான்
ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை.

எங்களிடம் நாய் இல்லை.

முதலில் சிரித்தவர் அவர்தான்.
சிரிப்பு இருமலாகி
இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று.
மகள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

சங்கத்தில் தீர்மானம் எண் முப்பத்தொன்று:
படகுக்கு இருபது ரூபாய் நெஞ்சு வைத்தியத்துக்கு.
அன்வேஷ் பத்து என்றான்.
செல்வராணி டீ போடப் போனாள்.
இருபது ஆயிற்று.

இந்தச் சனிக்கிழமை அவர் மாடி ஏறவில்லை.
காலையிலேயே துறைக்குப் போய்
படகு தள்ளும் இடத்தில் நின்றுகொண்டார்.
பன்னேர்கட்டா ரோட்டிலிருந்து வந்த ஒரு பெண்;
அவள் குடியிருக்கும் அடுக்குமாடியின் பெயர்
என் பழைய அடிக்கட்டையில் இருக்கிறது,
நானூற்றுப் பன்னிரண்டு லோடு.
சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.
தன் சமையலறையைத் தேடுகிறவள் மாதிரி
தண்ணீரைப் பார்த்தாள்.

அவர் குனிந்து அவள் வாரை இறுக்கினார்.
பாதியில் இருமல் வந்தது.
கம்பளி கையில் இல்லை.
அவள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு
காத்திருந்தாள்.
படகு கல்லில் மெல்ல மெல்ல
இடித்துக்கொண்டிருந்தது.